மாஸ்டர் அழித்த ஸ்டேட்டஸ்

போன் திரை முழுக்க வெண்ணெய் க்ரீம். மாஸ்டர் கட்டைவிரலால் அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. விரலை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினார். ஏப்ரனிலும் க்ரீம்தான் இருந்தது.

"போயிடாதே, போயிடாதே" என்று போனைக் கெஞ்சினார்.

அது ஏற்கெனவே போய்விட்டிருந்தது. சற்று முன்னால் இதே விரல், இதே க்ரீமோடு அனுப்புகிற அம்புக்குறியின் மேல் லேசாகப் பட்டபோது, சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி போன் உடனே வேலையை முடித்துவிட்டது. அழிக்கச் சொன்னால் மட்டும் கை கழுவிவிட்டு வா என்கிறது.

பேக்கரியின் உள்ளறையில் அப்போது அவரைத் தவிர யாரும் இல்லை. முன்பக்கம் கவுண்டரில் நிற்கும் பெண்ணுக்கு போன் விஷயமெல்லாம் அத்துப்படி. ஒரு குரல் கொடுத்தால் வந்து ஒரு நொடியில் அழித்துக் கொடுத்துவிடுவாள். ஆனால் அழிக்க வேண்டுமென்றால் அவள் அதைப் பார்க்க வேண்டும். பார்த்தால் தெரிந்துவிடும். யாருக்கும் தெரியக்கூடாது என்பதுதானே ஒப்பந்தம்?

ஒப்பந்தம் முந்தின நாள் மாலைதான் போடப்பட்டிருந்தது. மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையிலிருந்த டீ டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். டம்ளர் கையில் இருந்திருந்தால் கொட்டியிருக்கும்.

"அப்பா, ஆர்க்கிடெக்சர் காலேஜ்ல சீட் வந்துடுச்சு. முதல்ல உங்ககிட்டதான் சொல்றேன். ஆனா நாளைக்குப் போய் சர்டிபிகேட்டைக் காட்டி உறுதி பண்ணினாத்தான் அது நம்ம சீட். அதுவரைக்கும் நீங்க மூச்சு விடக்கூடாது."

"நான் ஏம்மா விடப்போறேன்?"

"விடுவீங்க. அதான் சொல்றேன். அதுக்குள்ள வெளியில யாருக்காவது தெரிஞ்சுதுன்னா, சேர்ற அன்னிக்கு அம்மா மட்டும்தான் என்கூட வருவாங்க. நீங்க வீட்டுல இருங்க."

அவள் அப்படிச் சொன்னதற்கு நியாயம் இருந்தது. போன வருடம் அவள் தேர்வு எழுதிவிட்டு வந்த கையோடு, "எங்கள் வீட்டு ஆர்க்கிடெக்ட்" என்று படத்தோடு ஸ்டேட்டஸ் போட்டுவிட்டார் மாஸ்டர். சொந்தபந்தம் எல்லாம் வாழ்த்து சொல்ல வீட்டுக்கு வந்தது. பிறகு சீட் கிடைக்கவில்லை என்று தெரிந்து, அதே சொந்தபந்தம் ஆறுதல் சொல்ல வந்தது. சீட் கிடைத்ததும் வெட்டலாம் என்று அவர் செய்து வைத்திருந்த கேக்கைத்தான் ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கு வெட்டிக் கொடுத்தார். மகள் அந்த வருடம் முழுக்க ஒரு வீட்டு விசேஷத்துக்கும் போகவில்லை. குடும்பக் குழுவிலிருந்தும் வெளியேறிவிட்டாள். "உங்க போன்ல இடமே இல்லப்பா, குடுங்க, சுத்தம் பண்ணித் தரேன்" என்று அவர் போனை வாங்கிக்கொண்டு போனவள், திருப்பிக் கொடுக்கும்போது அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்குப் பிறகு மாஸ்டர் மகளைப் பற்றி ஸ்டேட்டஸ் போடுவதை அடியோடு விட்டுவிட்டார். மற்றதை விடவில்லை. கேக், ரொட்டி, காலை வணக்கம், மழை எல்லாம் போடுவார். ஒருத்தராவது "நல்லா இருக்கு" என்று சொன்னதில்லை. எல்லோரும் பார்க்கிறார்கள், பாராட்டத்தான் மனசு வரவில்லை என்பது அவர் முடிவு. ஓவன் தட்டில் கை சுட்டுக்கொண்ட அன்று கொப்புளத்தைப் படம்பிடித்துப் போட்டார். சொந்தக்காரர் ஒருத்தர்கூட என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. வீட்டுக்குப் போனால் சாப்பாட்டு மேஜையில் களிம்பு இருந்தது. அதை யார் எடுத்து வைத்தார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. களிம்பு இருந்தது, தடவிக்கொண்டார்.

இன்னொரு நாள் ஏதோ ஒரு கல்லூரி விழாவுக்கு கேக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, அதன் பின்வாசலைப் படமெடுத்து, "இதுவரை எல்லாக் கல்லூரிக்கும் பின்வாசல் வழியாகத்தான் போயிருக்கிறேன். ஒருநாள் முன்வாசல் வழியாகப் போவேன்" என்று போட்டார். அதற்கும் யாரும் வாய் திறக்கவில்லை. அந்த ஆசையை அவர் வீட்டில்கூடச் சொன்னதில்லை. சொல்லக் கூச்சமாக இருந்தது.

அந்த முன்வாசல்தான் இப்போது இவ்வளவு கிட்டத்தில் வந்து நிற்கிறது. மகளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளோடு உள்ளே நுழைய வேண்டும். அந்த நாளுக்கென்று நீலச் சட்டையைக் காலையிலேயே இஸ்திரி போட்டு மாட்டிவிட்டுத்தான் வேலைக்கு வந்திருந்தார்.

பிறகு எதற்காக போனைத் தொட்டார்? நன்றி சொல்லத்தான். யாருக்காவது நன்றி சொல்ல வேண்டியிருந்து சொல்லாமல் விட்டால் மாஸ்டருக்கு நெஞ்சை அடைக்கும். காலையிலிருந்து அடைத்தது. சரி, எழுதி மட்டும் பார்ப்போம், அனுப்ப வேண்டாம் என்று நினைத்தார். மகள் மேஜை மேல் தலை சாய்த்துத் தூங்குகிற பழைய படம் ஒன்றை எடுத்து, அதன் கீழே எழுதினார்:

"மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. பென்சில் பிடிக்கிறதிலிருந்து சொல்லிக் கொடுத்த டிராயிங் டீச்சருக்கு நன்றி. ராத்திரி பகல் பார்க்காமல் கூட இருந்த அவள் அம்மாவுக்கு நன்றி. தன் வீட்டு மாடி அறையைப் படிக்கக் கொடுத்த அக்காவுக்கு நன்றி. பரீட்சைக்குக் காரில் கூட்டிக்கொண்டு போன மச்சானுக்கு நன்றி. மாடல் கட்டடம் செய்ய கேக் அட்டை கொடுத்த முதலாளிக்கு நன்றி. எல்லாரையும் விட, விழுந்த இடத்திலேயே மறுபடி உட்கார்ந்து படித்த என் மகளுக்கு நன்றி. எனக்கு அந்தத் தைரியம் கிடையாது."

படித்துப் பார்த்தார். கண் கலங்கியது. கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தபோதுதான் கட்டைவிரல் அம்புக்குறியில் பட்டது.

ஓடிப்போய் சோப்புப் போட்டுக் கை கழுவி, துடைத்து, போனையும் துடைத்து, ஒருவழியாக ஸ்டேட்டஸை அழித்தார். ஆனால் அதற்குள் யார் யார் பார்த்தார்களோ? மனைவிக்குப் போன் போட்டார். அவள் பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறாள்.

"ஏங்க, இங்க ஒருத்தர் வாயைப் பிளந்துக்கிட்டு உக்காந்திருக்காரு. சீக்கிரம் சொல்லுங்க."

சொன்னார்.

மனைவி கொஞ்சம்கூடப் பதறவில்லை. "அழிச்சிட்டீங்க இல்ல? அப்புறம் என்ன? ஒண்ணும் ஆகாது."

"யாராவது பாத்திருந்தா?"

"யாரும் பாத்திருக்க மாட்டாங்க. நான் சொல்றதைக் கேளுங்க. சும்மா இருங்க. யாருக்கும் போன் மட்டும் பண்ணாதீங்க."

"சரி" என்று சொல்லி வைத்துவிட்டு, மாஸ்டர் அக்காவுக்குப் போன் பண்ணினார்.

தப்பு சொல்ல முடியாது. குடும்பத்தில் அக்கா பார்த்துவிட்டால் எல்லோரும் பார்த்த மாதிரி. அவளை முதலில் கட்டிப்போட்டுவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது என்று கணக்குப் போட்டார்.

"அக்கா, பாத்துட்டியா?"

"எதை?"

"பாக்கலைன்னா விட்டுடு."

"எதைடா பாக்கலை?"

"ஒண்ணுமில்லைக்கா. பாத்திருந்தா பாக்காத மாதிரி இரு. பாக்கலைன்னா அப்படியே இரு."

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது. அக்கா யாருக்காகவும் மிக்ஸியை நிறுத்துகிறவள் இல்லை.

"தம்பி, உண்மையைச் சொல்லு. டாக்டர்கிட்ட போயிருந்தியா?"

"நான் ஏன் டாக்டர்கிட்ட போகணும்?"

"அப்பாவும் இப்படித்தான் கடைசி வரைக்கும் ஒண்ணுமில்லை ஒண்ணுமில்லைன்னே சொல்லிட்டிருந்தாரு. நான்தான் ஏமாந்துபோனேன்." குரல் உடைந்துவிட்டது. "ரிப்போர்ட்ல என்ன போட்டிருக்கான்? என்கிட்ட மறைக்காதே. நான் உன்னை இடுப்புல தூக்கி வளத்தவ."

"அக்கா, அழாதே! எனக்கு ஒண்ணுமே இல்லை!"

"அப்போ உன் பொண்டாட்டிக்கா?"

இன்னும் ஒரு நிமிடம் விட்டால் குடும்பத்தில் ஒவ்வொருத்தராகப் படுக்க வைத்துவிடுவாள் என்று மாஸ்டருக்குத் தெரிந்துபோயிற்று.

"யாருக்கும் ஒண்ணும் இல்லைக்கா! உன் மருமகளுக்கு சீட் கிடைச்சிருக்கு! காலேஜ்ல!"

அடுத்த நொடி வந்த சத்தத்தில் மாஸ்டர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார்.

"அட பாவி! இதுக்காடா என்னை இப்படி அழ வெச்சே! என் தங்கம், என் ராஜாத்தி, ஜெயிச்சிட்டாளா! நான் அப்பவே சொன்னேன், என் மாடி ரூம்ல படிச்சா கிடைக்கும்னு!"

"அக்கா, உன் காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன். இன்னும் உறுதி ஆகலை. யார்கிட்டயும் சொல்லிடாதே."

"நான் யார்கிட்டடா சொல்லப் போறேன்? வாயில விரலை வெச்சாக்கூடக் கடிக்கத் தெரியாதவ நான்" என்றாள் அக்கா. அவசரமாகப் போனை வைத்தாள்.

அந்த அவசரம் எதற்கென்று மாஸ்டருக்குத் தெரியும். அக்கா அடுத்து யாரைக் கூப்பிடுவாள்? மச்சானை. அதற்கு முன்னால் மச்சானை எச்சரித்துவிட வேண்டும்.

மச்சான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். கற்றுக்கொள்ள வந்தவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியை ஓட்டுவார். மச்சான் பக்கத்து சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து போன் பார்ப்பான். எனவே அவன் ஸ்டேட்டஸைப் பார்க்காமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

"மச்சான், அக்கா போன் பண்ணி ஏதாவது சொன்னா நம்பாதே."

"எந்த அக்கா மாமா? என் அக்காவா, உங்க அக்காவா? சார், லெஃப்ட்ல, லெஃப்ட்ல... அது ரைட்டு சார்."

"என் அக்கா."

"அவங்க என்ன சொல்வாங்க?"

"சீட் கிடைச்சிடுச்சுன்னு சொல்வாங்க. நம்பிடாதே."

ஹாரன் சத்தம் ஒன்று நீளமாகக் கேட்டது.

"பாப்பாவுக்கா? சீட் கிடைச்சிடுச்சா மாமா?"

"கிடைக்கலை. அதாவது, கிடைச்சிருக்கு. ஆனா கிடைச்ச மாதிரி நீ காட்டிக்கக் கூடாது. நீதான் காலையிலயே பாத்திருப்பியே?"

"நான் எதையும் பாக்கலையே மாமா. நீங்க சொல்லித்தான்... பிரேக்! சார், பிரேக்! நடுவுல இருக்கறது!"

எதன் மேலோ மெதுவாக இடிக்கிற சத்தம் கேட்டது. "ஒண்ணுமில்ல சார், குப்பைத்தொட்டிதான். பயப்படாதீங்க" என்று மச்சான் யாரையோ தேற்றுவதும், அந்த யாரோ "என் மேல தப்பு இல்ல சார், நீங்கதான் போன்ல கத்தினீங்க" என்பதும் கேட்டது. பிறகு மச்சானின் குரல் மட்டும் வந்தது. அது வேறு மாதிரி இருந்தது.

"மாமா, போன வருஷம் பரீட்சை முடிஞ்சு வரும்போது கார்ல பின்சீட்டுல உக்காந்து சத்தமே இல்லாம அழுதா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா. இன்னிக்குத்தான் எனக்கு மனசு ஆறிச்சு."

அவனுக்குச் சொல்லவேண்டிய நன்றியை ஸ்டேட்டஸில் எழுதியாயிற்று, அழித்தும் ஆயிற்று. மாஸ்டருக்கு வாயால் சொல்ல வரவில்லை. "சரி, வண்டியைப் பாத்து ஓட்டச் சொல்லு" என்றார்.

உள்ளறைக்கும் கவுண்டருக்கும் நடுவில் ஒரு கண்ணாடி உண்டு. அதன் வழியே அவர் பார்த்தபோது, டிராயிங் டீச்சர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். தினமும் இந்த நேரத்துக்கு பன் வாங்க வருகிறவர்தான். தினமும் மாஸ்டரைப் பார்த்தால் ஒரு சிரிப்பு சிரிப்பார். இன்றைக்கும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஏதோ இருக்கிறது என்று மாஸ்டருக்குத் தோன்றியது. பார்த்துவிட்டார். சந்தேகமே இல்லை.

வெளியே வந்து, கவுண்டர் மேல் குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"டீச்சர், அது நிஜமில்லை. நான் அழிச்சிட்டேன்."

"எதை அழிச்சீங்க?"

"நீங்க பாத்ததை. மகளோடதை."

டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. "அவ வரைஞ்சதையா? எல்லாத்தையுமா அழிச்சிட்டீங்க?"

"ஐயையோ, அது இல்லை டீச்சர்..."

"இந்த வருஷமும் கிடைக்கலையா? அந்தக் கோபத்துலயா அழிச்சீங்க? அது என்ன பண்ணும் மாஸ்டர், குழந்தை! அந்த மாடிப்படி வரையறதுக்கு எத்தனை நாள் உக்காந்திருந்தா தெரியுமா? ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா நான் வந்து எடுத்துக்கிட்டுப் போயிருப்பேனே!" டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவர் கையிலிருந்த பை நழுவியது.

பொய் சொல்லி ஒரு நல்ல மனுஷியை அழவைப்பதற்கு மாஸ்டருக்கு மனம் வரவில்லை. இன்னும் குனிந்து, இன்னும் தாழ்ந்த குரலில், "கிடைச்சிடுச்சு டீச்சர், சீட் கிடைச்சிடுச்சு, யாருக்கும் தெரியக்கூடாது" என்று ரகசியமாகச் சொன்னார்.

ஆனால் காலமெல்லாம் ஓவன் இரைச்சலில் வேலை பார்த்தவர்களுக்கு ரகசியக் குரல் என்று தனியாக ஒன்று கிடையாது. வரிசையில் நின்றிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் நின்ற ஒருவர் கை தட்டினார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கவுண்டர் பெண் பன்னைப் பையில் போடுவதை விட்டுவிட்டுத் தட்டினாள். தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்த முதலாளி, எதற்கென்று தெரியாமலே தட்டினார்.

டீச்சர் மட்டும் தட்டவில்லை. மாவு படிந்த மாஸ்டரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்த மாஸ்டர், இனி இப்படி ஒவ்வொருத்தராகச் சமாளித்து முடியாது என்ற முடிவுக்கு வந்தார். மொத்தமாக ஒரே அடியில் அடைத்துவிட வேண்டும். குடும்பக் குழுவைத் திறந்தார். இந்த முறை விரலை நன்றாகத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து எழுதினார்:

"அன்புள்ள உறவினர்களுக்கு, இன்று காலை என் ஸ்டேட்டஸில் வந்த செய்தியை யாரும் நம்ப வேண்டாம். பார்த்தவர்கள் உடனே மறந்துவிடவும். பார்க்காதவர்கள் கவலைப்பட வேண்டாம்."

ஒரு வருடமாக அவருடைய காலை வணக்கத்துக்கு வாய் திறக்காத சொந்தபந்தம் அத்தனையும் அப்போது வாய் திறந்தது.

"என்ன செய்தி?"

"நான் பார்க்கலையே. மறுபடி போடுங்க."

"யாராவது தவறிட்டாங்களா?"

"போனை ஹேக் பண்ணிட்டாங்க போல. இவர் பேர்ல யார் எது கேட்டாலும் குடுத்துடாதீங்க."

"பார்க்காதவங்க ஏன் கவலைப்படக் கூடாது? அப்போ பார்த்தவங்க கவலைப்படணுமா?"

மாஸ்டர் பதில் எழுத ஆரம்பிப்பதற்குள் அக்காவின் குரல் பதிவு ஒன்று வந்து விழுந்தது. பின்னணியில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. "என் தம்பி போனை ஒருத்தனும் எதுவும் பண்ணலை. தேவையில்லாம அவனைப் பத்திப் பேசாதீங்க. என் மருமகளுக்கு காலேஜ்ல சீட் கிடைச்சிருக்கு, அதைத்தான் மறைக்கப் பாக்கறான். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். அதனால யாரும் என்கிட்ட கேக்காதீங்க."

அதற்குப் பிறகு குழுவில் வந்து குவிந்த பூங்கொத்துகளையும் கைதட்டல்களையும் மாஸ்டர் பார்க்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். நீலச் சட்டை அவர் கண்முன் வந்து போனது. வீட்டில் அது ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். மகள் சேர்கிற அன்றைக்கும் அங்கேயே தொங்கும்.

முதலாளி உள்ளே வந்தார்.

"மாஸ்டர், அவசர ஆர்டர். ஒரு அம்மா போன் பண்ணினாங்க. பெரிய வட்டக் கேக்கு, 'என் மருமகளுக்கு'ன்னு எழுதணுமாம். ஆனா மாஸ்டருக்கு மட்டும் தெரியக்கூடாதாம். இருக்கறது ஒரே மாஸ்டர். உங்களுக்குத் தெரியாம நான் எப்படி கேக்கு செய்யறது, நீங்களே சொல்லுங்க?"

மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னும் இருக்கு. டிரைவிங் ஸ்கூல்காரர் ஒருத்தர் கட்டடம் மாதிரி கேக்கு வேணும்னாரு. எத்தனை மாடின்னு கேட்டேன். தாங்கற வரைக்கும் ஏத்துங்கன்னாரு. அப்புறம் டீச்சரம்மா கவுண்டர்ல சொல்லிட்டுப் போயிருக்காங்க, பென்சில் படம் போட்டு ஒண்ணு." முதலாளி அவர் தோளில் கை வைத்தார். "நம்ம கேக் அட்டைல வீடு கட்டிட்டிருந்த பொண்ணா மாஸ்டர் இவ்வளவு தூரம் வந்திருக்கு? இருங்க, க்ரீம் நான் அடிச்சுத் தரேன்."

முதலாளி க்ரீம் அடித்து யாரும் பார்த்ததில்லை. கோட்டைக் கழற்றிவிட்டு அடித்தார். தன் மூக்கு வரைக்கும் தெறிக்க அடித்தார்.

மாஸ்டர் க்ரீம் கோனைக் கையில் எடுத்தார். ஊரார் பிள்ளைகளின் பாஸ், வேலை, சீட் எல்லாவற்றையும் கை கூசாமல் எழுதியவர்தான். இன்று முதல் எழுத்தையே இரண்டு தடவை சுரண்டி எடுத்துவிட்டு எழுதினார். பாராட்ட மனசு வராத கூட்டம் என்றுதானே இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தார்? இவர்களுக்கு அவர் ஒரு வாய்ச் சொல்கூட நன்றி சொன்னதில்லை. ஆனாலும் அழுதது, வண்டியை இடித்தது, பையை நழுவவிட்டது, மூக்கில் க்ரீம் அப்பிக்கொண்டது எல்லாம் இவர் மகளுக்காகத்தான். முன்வாசல் போனால் போகட்டும், பெண்ணுக்கு இத்தனை பேர் இருக்கிறார்களே என்று நினைத்தபோது மனம் நிறைந்துபோனது. நிறைந்த மனத்தோடு கட்டடத்துக்கு இன்னொரு மாடி ஏற்றினார்.

வெயில் தாழ்ந்த நேரத்துக்கு மகள் வந்தாள். கையில் ஃபைல், கலைந்த தலை, வாய்கொள்ளாத சிரிப்பு. நேராக உள்ளறைக்கே ஓடிவந்தாள்.

"அப்பா! உறுதி ஆயிடுச்சு! கையெழுத்துப் போட்டுட்டு வரேன்!"

மாஸ்டர் சட்டென்று மேஜைக்கு முன்னால் வந்து, ஏப்ரனை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். வட்டக் கேக்கும் பென்சில் கேக்கும் மறைந்துவிட்டன. கட்டடம் மட்டும் அவர் தலைக்கு மேலே இரண்டு மாடி தெரிந்தது.

மகள் அதைப் பார்த்தாள். பிறகு மூக்கில் க்ரீமோடு ஓரமாக நின்ற முதலாளியைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சும்மா" என்றார் மாஸ்டர். "நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நானே சொல்லிடறேன். நான் வரலை. அம்மாவைக் கூட்டிட்டுப் போ. வேணும்னு பண்ணலைம்மா. சும்மா எழுதிப் பாக்கலாம்னுதான் எழுதினேன். கை பட்டு ஸ்டேட்டஸ் போயிடுச்சு."

"தெரியும்ப்பா. காலையிலயே பாத்துட்டேன்."

"பாத்தியா? பாத்துட்டுமா என்னைத் திட்டலை?"

மகள் ஃபைலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க வரிசையில நின்னுட்டிருந்தேன்ப்பா. போன வருஷம் மாதிரியே ஏதாவது ஆயிடுமோன்னு கை கால் எல்லாம் உதறிட்டிருந்துச்சு. அப்பதான் அது வந்துச்சு. படிச்சேன். அப்புறம் உதறலை. உள்ள போறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை படிக்கலாம்னு எடுத்தா, அழிச்சிட்டீங்க."

மாஸ்டர் ஏப்ரனை விட்டுவிட்டார். கேக்குகள் வெளியே தெரிந்தன.

"ஆனா இவங்களுக்கெல்லாம் எப்படித் தெரிஞ்சுது?" என்றாள் மகள்.

"என்னம்மா கேக்கறே? ஸ்டேட்டஸ் போட்டா தெரியாதா?"

"ஸ்டேட்டஸ்லயா? அதுல எப்படி..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சரி, அது போகட்டும். அந்த நீலச் சட்டையையே போட்டுக்கிட்டு வாங்க. பெட்டி கனமா இருக்கும்."

"நான் வரலாமா?"

"நீங்க இல்லாம எப்படிப்பா? முன்வாசல் வழியா போறோம்."

மாஸ்டர் அழுதுவிட்டார். முன்வாசல் விஷயம் இவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்ததில் புருவத்தில் க்ரீம் ஒட்டிக்கொண்டது.

இதற்கு நன்றியாக ஏதாவது செய்தாக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. மேஜையில் கவிழ்த்து வைத்திருந்த போனை எடுத்தார். கட்டடத்தை வேடிக்கை பார்க்க உள்ளே வந்திருந்த கவுண்டர் பெண்ணிடம் நீட்டினார்.

"இந்தாம்மா. இதுல ஸ்டேட்டஸ் போற வழியையே அடைச்சுக் குடுத்துடு. இனிமே என் கை தப்பிப் பட்டாக்கூட எதுவும் வெளியில போகக் கூடாது. இது என் பொண்ணு மேல சத்தியம்."

"அதெல்லாம் வேணாம்ப்பா!" மகள் ஃபைலை முதலாளி கையில் திணித்துவிட்டு முன்னால் பாய்ந்தாள். "குடுங்க, நான் பாத்துக்கறேன், நான் பண்றேன்!"

அதற்குள் கவுண்டர் பெண் திரையில் ஒட்டியிருந்த க்ரீமைச் சுரண்டிவிட்டு, உள்ளே போய், ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டாள். புருவம் சுருங்கியது. போனை மாஸ்டர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"மாஸ்டர், இதை யாரோ ஏற்கெனவே அடைச்சுதான் வெச்சிருக்காங்க. நீங்க போடற ஸ்டேட்டஸ் ஊர்ல ஒருத்தருக்கும் போகாது, ஒரே ஒரு நம்பருக்கு மட்டும்தான் போகும்... 'என் மகள்'னு போட்டிருக்கு."